காயம் போட்டு வைங்க

ஹனூர்ப் பக்கம் புதிதாக வேலைக்குப் போகிறவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று ஆபீஸிலிருந்து கேட்டார்கள். அகில் மரத்தில் துளை எவ்வளவு ஆழம் போட வேண்டும், மருந்தை எப்படிப் பாதுகாக்க வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். அதையே நானும் சொன்னால் இரண்டாவது பக்கத்தில் தூங்கிவிடுவீர்கள். நான் ஒரே ஒரு வார்த்தையைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். காயம் என்கிற வார்த்தை.

தமிழில் எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. உங்களில் பாதிப் பேருக்கு வீட்டில் தமிழ், வெளியில் கன்னடம், தூக்கத்தில் இங்கிலீஷ். நானும் அந்த ரகம்தான். மைசூரில் பிறந்து மைசூரிலேயே வளர்ந்தவள். என் தமிழைக் கேட்டால் விஜயநகர் காய்கறி வண்டிக்காரர்கூடப் பாவப்பட்டுக் கன்னடத்துக்கு மாறிவிடுவார். அந்தத் தமிழை வைத்துக்கொண்டு நான் வீட்டில் தமிழ் பேசுகிற ஹனூர் விவசாயிகளுக்கு ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்தேன் என்றால் என் தைரியத்தைப் பாருங்கள்.

நம் தொழிலை வெளியாட்களுக்கு விளக்குவதும் லேசில்லை. எங்கள் லேஅவுட்டில் காலையில் நடக்க வருகிறவர்கள், ரிட்டயர் ஆவதற்கு முன்னால் என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்பார்கள். மரத்தைக் காயப்படுத்துகிற வேலை என்று சொல்வேன். அதற்குப் பிறகு கொஞ்சம் தள்ளியே நடப்பார்கள்.

ஆனால் அதுதானே நிஜம்? ஆரோக்கியமான அகில் மரத்தை வெட்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளை வெளேரென்று இருக்கும். மோந்து பார்த்தால் ஒரு வாசனையும் கிடையாது. அந்த மரத்துக்கு அடி பட வேண்டும். பட்ட இடத்தில் பூஞ்சை நுழைய வேண்டும். அதை மேலே பரவ விடாமல் தடுக்க மரம் ஒரு பிசினைச் சுரந்து, அந்த இடத்துக் கட்டையை அதிலேயே ஊறவைத்துக்கொள்ளும். வெள்ளை பழுப்பாகும், பிறகு கறுக்கும், கனக்கும். அந்தக் கறுப்புத் துண்டைத் தணலில் போட்டால் வருவதற்குத்தான் இத்தனை அடிதடி. காற்றும் புழுவும் தாமாகவே அந்த வேலையைச் செய்வதுண்டு. எப்போது செய்யும் என்று சொல்ல முடியாது என்பதால் நாம் போய்த் துளை போட்டு, பூஞ்சை மருந்தை வைத்து அடைத்துவிட்டு வருகிறோம். சுகமாக வளர்ந்த அகில் மரம் பார்ப்பதற்கு அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

இதைச் சொல்லிவிட்டு மாதம்மாவிடம் வருகிறேன்.

மாதம்மாவின் நிலம் ஹனூரிலிருந்து மலைப் பக்கம் போகிற சாலையில் இருந்தது. அவருடைய கணவர் சின்னச்சாமி சாது. வாயைத் திறந்தால் "ஆமாங்க" என்பார், மூடினால் தலையை ஆட்டுவார். சின்னச்சாமியின் அண்ணன் நஞ்சப்பன் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுவார். அந்தக் குடும்பத்தில் டிராக்டர் நஞ்சப்பனுடையது, ஆகவே கடைசிப் பேச்சும் அவருடையதுதான்.

வேலியோரத்துத் துண்டு நிலத்தில் மாதம்மா யாரோ ஒரு நர்சரிக்காரர் பேச்சைக் கேட்டு அகில் கன்றுகளை நட்டுவிட்டார். ஊதுவத்தி மரம் என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். அதுவோ மழைக்காட்டில் வளர்கிற மரம். ஹனூரோ மழைக்கு வானத்தைப் பார்க்கிற ஊர். சொட்டுநீர்க் குழாய் அடைத்துக்கொண்ட கோடைகளில் மாதம்மா குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றியிருக்கிறார். மரங்களும் நன்றி கெட்டவை அல்ல, தளதளவென்று வளர்ந்துவிட்டன. வாசனை மட்டும் வரவில்லை. காயம் பட்டால்தான் வரும் என்பதை நர்சரிக்காரர் சொல்லவே இல்லை. தினமும் காலையில் போய் மரத்தைக் கட்டிப்பிடித்து மோந்து பார்ப்பாராம். ஊரே பார்த்துச் சிரித்திருக்கிறது.

நஞ்சப்பனுக்கு அந்தத் துண்டில் மக்காச்சோளம் போட வேண்டும். உறவுக்காரர்கள் உட்கார்ந்து பேசி, அடுத்த ஆடி விதைப்புக்குள் மரத்தில் வாசனை வந்தால் தோப்பு இருக்கட்டும், வராவிட்டால் டிராக்டர் உள்ளே இறங்கட்டும் என்று முடிவு செய்தார்கள். மாதம்மாவும் சரி என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகுதான் யாரோ எங்கள் ஆபீஸ் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள்.

முதல் தடவை நான் போனபோது மாதம்மா தோப்பைச் சுற்றிக் காட்டிக்கொண்டே சொன்னார்: "கல்யாணமாயி வந்ததுல இருந்து இந்த ஊட்டுல என்ன வெதைக்கறது, என்ன விக்கறதுன்னு ஆரும் என்னையக் கேட்டதில்லீங்க மேடம். நானா நெனச்சு வெச்சது இது ஒண்ணுதானுங்க."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். உடனே மிகவும் கறாராக வேலையைத் தொடங்கினேன். ஒவ்வொரு மரமாகப் பார்த்து, எங்கெங்கே துளை போட வேண்டும் என்று சாக்பீஸால் குறி வைத்தேன். வேலியோரத்தில் ஒல்லியாக நின்ற நாலைந்தை மட்டும் விட்டுவிட்டேன். மூலையில் ஒரு மரம் கோணலாக நின்றது. நஞ்சப்பன் எருவோ விளைச்சலோ ஏற்றிக்கொண்டு டிராக்டரைத் திருப்பும்போதெல்லாம் டிரெய்லரின் முனை அதில்தான் இடிக்கும். பட்டை பெயர்ந்து, ஆறி, மறுபடி பெயர்ந்து, அந்தப் பக்கம் முழுக்க முண்டும் முடிச்சுமாகக் கிடந்தது. சேதமான மரம், நம் வேலைக்கு உதவாது என்று சொல்லி அதில் சிவப்புப் பெயின்ட்டால் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டேன். இந்தப் பெருக்கல் குறியை மறந்துவிடாதீர்கள்.

துளை போடுகிற நாளுக்கு முன்தினம் எனக்கு வேறொரு இடத்திலிருந்து அவசர அழைப்பு வந்தது. ஸ்ரீரங்கப்பட்டணம் அருகே தோப்பு வைத்திருந்த ஓய்வு பெற்ற இன்ஜினியர் ஒருவர், தன் அகில் மரங்கள் அத்தனையும் ஒரே ராத்திரியில் மணக்க ஆரம்பித்துவிட்டன, உடனே வாருங்கள், திருடர்கள் வந்துவிடுவார்கள் என்று அலறினார். போய்ப் பார்த்தால் பக்கத்துக் கொட்டகைக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் ஊதுவத்தி உருட்டிக் காயப்போட்டிருந்தார்கள். அதை இன்ஜினியருக்குப் புரியவைக்கப் பொழுது சாய்ந்துவிட்டது.

இங்கே மாதம்மா வாடகைக்குச் சொல்லிவைத்திருந்த டிரில்லிங் மெஷின் மறுநாள் மட்டும்தான் கிடைக்கும். துளையை அவர்களே போட்டுவிடட்டும், மருந்தை நான் பிறகு போய் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்து சின்னச்சாமி போனுக்கு வாட்ஸ்ஆப்பில் குரல் செய்தி அனுப்பினேன். அந்தச் செய்தி எனக்கு மனப்பாடம். ஏன் மனப்பாடம் என்று போகப்போகத் தெரியும்.

"மாதம்மா, நான் வர லேட் ஆகும். நீங்க அதுக்குள்ள நான் குறி வெச்ச இடத்துல எல்லாம் ஓட்டை போட்டு, காயம் போட்டு வைங்க. மருந்து நான் வந்து வெச்சுக்கறேன்."

என் மனதில் இருந்தது கன்னடத்து 'காய'. காய மாடி என்றால் காயப்படுத்துங்கள் என்று அர்த்தம். துளை போடும்போதே சுற்றிலும் பட்டையைக் கொஞ்சம் கீறி வையுங்கள் என்று சொல்ல நினைத்தேன். ஓட்டை போட்டு என்று சொன்ன வேகத்தில் காயத்தையும் போட்டுவிட்டேன். தமிழில் காயம் படும், காயப்படுத்தலாம். காயத்தைப் போட முடியாது. போடக்கூடிய காயம் ஒன்றே ஒன்றுதான். அது அஞ்சறைப் பெட்டியில் இருக்கிறது.

துளை போட்ட மறுநாள் காலையில் மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஹனூரில் பஸ் இறங்கினேன். சின்னச்சாமி மொபெட்டில் வந்து ஏற்றிக்கொண்டார். தோப்பு கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே வாசனை வந்துவிட்டது. என் மூக்கைப் பற்றி நானே சொல்லக்கூடாது, ஆனாலும் சொல்கிறேன்: எங்கள் ஆபீஸில் அதற்குத் தனி மரியாதை உண்டு. அன்றைக்கு அந்த மூக்கே தேவைப்படவில்லை. ஜலதோஷம் பிடித்தவனுக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

"என்ன மாதம்மா, தோப்புலயே சமையலா? ரசம் வாசனை ஆளத் தூக்குதே."

"ரசமெல்லாம் ஊட்டுலதானுங்க மேடம். இது நீங்க போடச் சொன்னதுங்க."

"நான் என்ன போடச் சொன்னேன்?"

"காயந்தானுங்க. அத்தன ஓட்டைக்கும் வெச்சு, மேல களிமண்ணுல மொழுகிட்டனுங்க." முகமெல்லாம் சிரிப்பு அவருக்கு. "பொடியா இருந்தா ஈரத்துல கரைஞ்சு போயிரும்னு கட்டிக் காயமாவே வாங்கியாந்தமுங்க. ஹனூர்க் கடையில இப்பப் போய்க் கேட்டீங்கன்னா காயமே இருக்காதுங்க."

பக்கத்து மரத்தில் களிமண்ணைப் பெயர்த்து மோந்து பார்த்தேன். "மரத்துல யாராவது பெருங்காயம் வெப்பாங்களா?" என்று கேட்டேன்.

"ஏனுங்க மேடம், முருங்கை காய்க்காட்டி ஓட்டை போட்டுக் காயந்தானுங்களே வெப்போம்? காய்க்காததுக்கு வெச்சா காய்க்கும். மணக்காததுக்கு வெச்சா மணக்குமாட்ட இருக்குதுன்னு நெனச்சனுங்க."

சொல்லுங்கள், இதில் எங்கே தப்பு கண்டுபிடிப்பீர்கள்? எனக்கு ஒன்றும் கிடைக்காததால் கோபம்தான் வந்தது. "நான் அப்படிச் சொல்லவே இல்ல" என்று குரலை உயர்த்தினேன். அதுவரை வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்த நஞ்சப்பன் தம்பியின் போனை வாங்கினார். ஸ்பீக்கரில் வைத்து என் செய்தியை ஓடவிட்டார்.

காயம் போட்டு வைங்க, என்றது என் குரல்.

மறுபடி ஓடவிட்டார். பக்கத்துக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் கேட்டுவிட்டு வேலியோரம் வந்து நின்றார்கள். அவர்களுக்காக இன்னொரு தடவை. என் குரல் அவ்வளவு மூக்கால் வருகிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"இனி இது ஊதுவத்தித் தோப்பு இல்லீங்க, ரசத் தோப்பு" என்றார் நஞ்சப்பன். "மொளகும் சீரகமும் எப்பங்க போடோணும்? அதையும் ஒரு மெசேஜ்ல சொல்லிப்போடுங்க."

நான் ஒதுங்கிப் போய் மைசூருக்குப் போன் செய்தேன். என் மேலதிகாரி நல்ல மனிதர்தான். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார். மூச்சு வாங்கச் சிரித்தார். பக்கத்தில் இருந்தவர்களைக் கூப்பிட்டுச் சொல்லி அவர்களையும் சிரிக்க வைத்தார். அப்புறம் கன்னடத்தில் அமைதியாகச் சொன்னார்: இந்த விஷயம் வெளியே போனால் நம் பேர் கெட்டுவிடும், விவசாயி சொன்னபடி செய்யாததால் இந்தத் தோப்பைக் கைவிடுகிறோம் என்று ரிப்போர்ட் எழுதிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிடு.

நான் பேனாவை எடுத்துவிட்டேன். பொய் சொல்லப் பிடிக்காது என்றெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. வெயில், பசி, வேலியோரத்தில் ஒரு கூட்டமே சிரித்துக்கொண்டிருக்கிறது. அங்கிருந்து போனால் போதும் என்றுதான் தோன்றியது. நிமிர்ந்து பார்த்தால் மாதம்மா புடவையிலிருந்து ஊக்கைக் கழற்றி, முதல் மரத்தின் துளையிலிருந்து காயத்தை நோண்டி எடுத்துக்கொண்டிருந்தார். என்னைத் திட்டவில்லை. தன் மரத்துக்கு ஏதோ தப்பாகிவிட்டது என்று மட்டும் புரிந்து, அதைச் சரிசெய்ய ஆரம்பித்திருந்தார்.

வெட்கமாக இருந்தது. பேனாவைப் பையில் போட்டுவிட்டு, வேலி வரைக்கும் கேட்கிற மாதிரி, "தப்பு என்னோடது. நான் தமிழத் தப்பாப் பேசிட்டேன்" என்றேன்.

"அது தெரிஞ்சதுதானுங்க" என்றார் நஞ்சப்பன். "மரம் தேறுமா தேறாதா, அதச் சொல்லுங்க."

"தெரியாது."

நஞ்சப்பன் இதை எதிர்பார்க்கவில்லை. நம்மவர்கள் யாரும் அவரிடம் அதுவரை அந்த வார்த்தையைச் சொன்னதில்லை போலிருக்கிறது. உங்களுக்கும் சொல்கிறேன், 'தெரியாது' என்பதைக் கண்ணாடி முன்னால் நின்று மூன்று மொழியிலும் பழகிக்கொள்ளுங்கள். முதலில் வாய் கோணும், போகப்போகச் சரியாகிவிடும்.

நானும் மாதம்மாவும் சின்னச்சாமியுமாக அத்தனை துளைகளையும் சுத்தம் செய்தோம். மெஷின்காரரிடம் கெஞ்சி மெஷினை மறுபடி வரவழைத்து எதிர்ப் பக்கத்தில் புதிதாகத் துளை போட்டு மருந்து வைத்தோம். மத்தியானம் மாதம்மா வீட்டில் சாப்பாடு. ரசம் சப்பென்று இருந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "காயம் தீந்துபோச்சுங்க மேடம்" என்றார் மாதம்மா. அவர் சிரிக்க ஆரம்பித்த பிறகுதான் நானும் சிரித்தேன்.

கிளம்பும்போது பின்னால் டம் என்று ஒரு சத்தம். நஞ்சப்பன் டிராக்டரைத் திருப்பியதில் டிரெய்லர் மறுபடி அந்த மூலை மரத்தில் இடித்திருந்தது. "பாவம், அந்த மரம் உங்களுக்கு என்ன பண்ணிச்சு?" என்று கத்தினேன்.

"நீங்கதானுங்களே பெருக்கல் போட்டு வெச்சிருக்கீங்க? ஆவாத மரந்தானுங்களே?" என்றார்.

நான் சின்னச்சாமியின் மொபெட்டில் ஏறிக்கொண்டேன்.

ஆடி நெருங்கியபோது வாசனை பார்க்கக் கூப்பிட்டார்கள். அகிலுக்கு இவ்வளவு நாள் போதாது, அவசரப்படாதீர்கள் என்று போனிலேயே சொல்லிப் பார்த்தேன். பேசினால் பேசினதுதான் என்றார்கள். போனேன். உறவுக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். நஞ்சப்பன் டிராக்டரைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்து நிறுத்தியிருந்தார். மாதம்மா ஒரு தகரத் தட்டில் கரித்தணலோடு தயாராக இருந்தார். தணல் அணையாமல் ஊதிக்கொண்டே இருந்தார்.

முதல் மரத்தில் துளையோரமாக உளி வைத்துச் சில்லு எடுத்தேன். கட்டை லேசாகப் பழுப்பாகத் தொடங்கியிருந்தது. தணலில் போட்டேன். புகை வந்தது. முதலில் முந்திக்கொண்டு வந்தது பெருங்காயம்தான். எவ்வளவு கழுவினாலும் அது போகுமா என்ன? "கொத்தமல்லி தூவி எறக்குங்க" என்று கூட்டத்தில் ஒருவர் சொல்ல, எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இரண்டாவது மரத்திலும் அதே கதை. பெருங்காயத்துக்குக் கீழே, மிகவும் கீழே, மெல்லிசாக வேறொன்று இருந்தது. என் மூக்குக்கு அது தெரிந்தது. ஆனால் அந்தக் கூட்டத்தில் என் மூக்குக்கு என்ன மரியாதை?

"ஆரம்பிச்சிருக்கு. இன்னும் ஒரு வருஷம் குடுங்க" என்றேன்.

"வாசம் வந்தாங்கறதுதானுங்க பேச்சு" என்றார் நஞ்சப்பன். "வருசங்கறது பேச்சில்லீங்க."

அடுத்த சில்லுக்காக நான் மரத்தின் மறுபக்கம் குனிந்தேன். சின்னச்சாமி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என் பையில் ஒரு சின்ன டப்பா எப்போதும் இருக்கும். நல்ல அகில் எப்படி மணக்கும் என்று விவசாயிகளுக்குக் காட்டுவதற்காக வேறு தோப்பில் எடுத்த கறுப்புச் சில்லுகள் அதில் இருக்கும். உங்களுக்கும் ஒன்று கொடுப்பார்கள். முதல் தடவை வந்தபோது அதிலிருந்து ஒன்றை எரித்துக் காட்டியிருந்தேன்.

சின்னச்சாமி என் காதோரம் சொன்னார்: "மேடம், அந்த டப்பாவுல இருக்கறதுல ஒண்ணு எடுத்துத் தணல்ல வெச்சுப்போடுங்க. ஆருக்குத் தெரியப் போவுது? அவ செத்துப்போவாங்க இது போச்சுன்னா."

அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. கண் கலங்கியிருந்தது. நான் டப்பாவை எடுத்து மூடியைத் திறந்தும்விட்டேன். ஒரு சில்லு போதும். எல்லோரும் வாயடைத்துப் போவார்கள். தோப்பு தப்பிக்கும். அடுத்த வருஷம் யாராவது ஆசையாக ஒரு மரத்தை வெட்டிப் பார்த்து, உள்ளே ஒன்றும் இல்லை என்று சொன்னால், பொய்க்காரி என்ற பேர் யாருக்கு வரும்? எனக்கு வராது, நான் மைசூரில் இருப்பேன். அந்த வீட்டிலேயே இருக்கப்போகிற மாதம்மாவுக்குத்தான் வரும்.

"இது வேற யாரோ மரத்தோட வாசனை, சின்னச்சாமி" என்று சொல்லி மூடியை அழுத்தினேன். அவசரத்தில் விரல் மாட்டிக்கொண்டது. 'ஆ' என்று கத்தினேன். கூட்டம் அதற்கும் சிரித்தது.

மாதம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். தட்டைக் கீழே வைத்தார். "சொன்னது சொன்னதுதானுங்க மாமா. எடுத்துக்குங்க" என்று கணவரின் அண்ணனிடம் சொல்லிவிட்டு, வேலிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். ஒருத்தரும் சிரிக்கவில்லை. நஞ்சப்பனுக்கே ஒரு மாதிரியாகத்தான் இருந்திருக்க வேண்டும். டிராக்டரில் ஏறிய பிறகும் கொஞ்ச நேரம் ஸ்டார்ட் செய்யாமல் உட்கார்ந்திருந்தார். அப்புறம் யாரையும் பார்க்காமல், "மேடம் பெருக்கல் போட்டதுல இருந்தே ஆரம்பிக்கலாம்" என்றார்.

மூலை மரத்தில் சங்கிலி கட்டினார்கள். டிராக்டர் உறுமியது. அந்தக் கோணல் மரம் முதலில் வளைந்தது, பிறகு காயம்பட்ட இடத்தில் படாரென்று பிளந்து சாய்ந்தது.

உள்ளே கறுப்பு.

அடியிலிருந்து இடுப்பு உயரம் வரைக்கும் எண்ணெய் ஊறிய மாதிரி கறுப்பு வரி வரியாக ஓடியது. டிரெய்லர் இடித்த இடம், ஆறிய இடம், மறுபடி இடித்த இடம், எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே கறுப்பு. நான், "நில்சி! நில்சி!" என்று கத்திக்கொண்டே டிராக்டருக்கு முன்னால் ஓடினேன். நிறுத்துங்கள் என்கிற தமிழ் வார்த்தை அந்த நேரத்தில் எனக்கு வரவில்லை. பார்த்தீர்களா, தமிழ் தப்பாக வந்தாலும் ஆபத்து, வராவிட்டாலும் ஆபத்து.

ஒரு சில்லு எடுத்து மாதம்மாவிடம் கொடுத்தேன். அவர் கையாலேயே தணலில் வைத்தார். புகை மெதுவாக எழுந்தது. இந்தத் தடவை பெருங்காயம் இல்லை. அந்த மரத்தைத்தான் நான் ஒதுக்கிவிட்டேனே, அதில் யார் காயம் வைப்பார்கள்? இனிப்பும் கசப்பும் சேர்ந்த அந்த வாசனை தோப்பு முழுக்கப் பரவியது. கொத்தமல்லி தூவச் சொன்னவர் தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். கோயிலுக்குள் வந்துவிட்டதாக நினைத்தாரோ என்னவோ. நஞ்சப்பன் இறங்கி வந்து குனிந்து மோந்து பார்த்தார்.

"இந்த மரத்துக்கு ஆருங்க மருந்து வெச்சது?"

"நீங்கதான்" என்றேன். "டிரெய்லர்ல வெச்சீங்க."

அவருக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் உறவுக்காரர்கள் பக்கம் திரும்பி, கொஞ்சம் பெருமையாகவே, "அப்ப இது நான் வெச்ச காயம்" என்றார்.

அவராவது தெரியாமல் செய்தார். காயத்தைப் பற்றி ஊர் ஊராக வகுப்பெடுத்தவள் நான். அந்தத் தோப்பிலேயே உண்மையாகக் காயம்பட்டிருந்த ஒரே மரத்தைப் பார்த்து, உதவாது என்று சிவப்புப் பெயின்ட் அடித்தவளும் நான்தான். இதற்கு மேல் உங்களுக்கு நான் பாடம் வேறு சொல்ல வேண்டுமா? சேதமானது என்று ஒதுக்குவதற்கு முன்னால் உளியை எடுங்கள். வாயைத் திறப்பதற்கு முன்னால் வார்த்தையை ஒருதரம் மோந்து பாருங்கள். கையில் இருக்கிற டப்பா, அது காட்டுவதற்கு மட்டும்தான்.

மற்ற மரங்களுக்கு ஒரு வருஷம் தவணை கிடைத்தது. அடுத்த வருஷம் மருந்து வைத்த மரங்களும் கறுத்தன. சில நன்றாக, சில சுமாராக. அந்தத் தோப்பு இன்றும் நிற்கிறது. ஆனால் அன்றைக்கு எல்லோரும் கலைந்த பிறகு மாதம்மா விழுந்து கிடந்த மரத்தின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். சந்தோஷத்தில் என்று நினைத்துப் பக்கத்தில் போனேன். இல்லை, அழுதுகொண்டிருந்தார்.

"இதுக்குத்தானுங்க மேடம் ஒரு கொடம் எச்சாத் தண்ணி ஊத்துனேன். அடிபட்ட மரமாச்சேன்னு."

அடித்தூர் துளிர்க்கும், மண் அணைத்துவிடுங்கள் என்றேன். நஞ்சப்பன் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு அங்கேயே நின்றார்.

"அழுவாத அம்மிணி. இனி நான் வண்டிய இந்த மூலையில, இக்கட்டால திருப்ப மாட்டேன். அக்கட்டால சுத்திப் போயிக்கறேன்."

மாதம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தார். தோப்பை ஒரு பார்வை பார்த்தார். பிறகு டிராக்டரைப் பார்த்தார்.

"எதுக்குங்க மாமா? இக்கட்டாலயே திருப்புங்க" என்றார். "வேலியோரத்துல இன்னும் நாலஞ்சு மரம் சும்மாதானுங்க நிக்குது."